டயல்ல 20க்கு மேல டிசைன், நமக்கு ஆகுறது நாலு தான் - வீட்டு ஜிக்ஜாக் மெஷின் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது எந்த கம்பெனிக்கும் வக்காலத்து வாங்குற ரிவ்யூ இல்ல. உஷா ஜானோம், சிங்கர், பிரதர்னு எல்லார்கிட்டயும் இந்த ரகம் இருக்கு, வெள்ள கலர்ல பிளாஸ்டிக் உடம்பு, தூக்கிட்டு போக கைப்பிடி, முன்னாடி ஒரு பெரிய டயல், அத சுத்தி குட்டி குட்டியா இலை, அலை, முக்கோணம், ஏணி மாதிரின்னு படம் போட்டிருக்கும், கால் பெடல் கரண்ட்ல ஓடும். மாடலுக்கு ஏத்த மாதிரி 10,000 ரூவாய்ல ஆரம்பிச்சு 20,000 பக்கம் வரைக்கும் போகுது. என் வீட்ல ஓடுறதும் இதுல ஒன்னு தான், பேரு எதுக்கு, உள்ள இருக்குற சங்கதி எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒன்னு போலத்தான் இருக்கு. நான் வீட்லயே பிளவுஸ், பாப்பா கவுன், சேலைக்கு ஃபால்ஸ், துப்பட்டா ஓரம் இதெல்லாம் தைக்கிற ஆளு, அம்மாவோட கருப்பு மெஷின் இன்னமும் ஒரு மூலைல நிக்குது, நேர் தையலுக்கு அதத்தான் மிதிக்கிறேன், அத அடிச்சுக்க இந்த வெள்ள மெஷினால முடியாது. ஆக இந்த ரிவ்யூ முழுக்க டிசைன் தையல பத்தி மட்டும் தான். அதுக்காகத்தான இம்புட்டு காசு குடுத்து வாங்குறோம்.

கடைக்குள்ள போன உடனே மொதல்ல சொல்றது நம்பர் தான். "யக்கா இதுல இத்தன டிசைன் இருக்குக்கா, அதுல அத்தன டிசைன் இருக்குக்கா, ஐநூறு ரூவா தானக்கா வித்தியாசம்" அப்டினு. அந்த நம்பர கொஞ்சம் பிரிச்சு மேஞ்சு பாருங்க. நேர் தையல ஊசி நடுல இருந்தா ஒன்னு, ஊசி இடது பக்கம் போனா இன்னொன்னு, மூணு தடவ முன்ன பின்ன போற கெட்டித் தையல் வேற ஒன்னுன்னு எண்ணுவாய்ங்க. ஜிக்ஜாக்க சின்னது நடுத்தரம் பெருசுன்னு தனித்தனியா எண்ணுற மாடலும் இருக்கு. காஜா ஒன்னு. பனியன் துணிக்குன்னு இழுவை தாங்குற தையல் ரெண்டு மூணு, ஓரம் பிரியாம இருக்க ஓவர்லாக் மாதிரி ஒன்னு ரெண்டு. இதெல்லாம் கழிச்சா அழகுக்குன்னு மிஞ்சுறது ஒரு பத்து வரும். இது போக அட்டைப்பெட்டில அப்ளிகேஷன்னு இன்னொரு பெரிய நம்பர் போட்டிருப்பாய்ங்க, அது டிசைன் எண்ணிக்கையே கெடையாது, ஒரே தையல எங்கெங்க பயன்படுத்தலாம்ங்கிற கணக்கு.

அதனால நம்பர விட்டுட்டு நான் பாக்க சொல்றது வேற. ஒன்னு, அகலத்துக்குன்னு தனி டயல் இருக்கான்னு பாருங்க. வெலை கம்மி மாடல்ல நீளத்துக்கு மட்டும் தான் டயல் வரும், டிசைன் என்ன அகலத்துல இருக்கோ அதே அகலத்துல தான் தைக்கும், பிளவுஸ் கழுத்துக்கு மெலிசா 2 மில்லிமீட்டர்ல ஒரு கோடு வேணும்னா முடியாது. இந்த ரகத்துல பெரும்பாலும் அகலம் அதிகபட்சம் 5 மில்லிமீட்டர், கம்ப்யூட்டர் மெஷின்ல தான் பெரும்பாலும் 7 வரும். ரெண்டாவது, நீளத்த பூஜ்யம் வரைக்கும் பைய பைய கொறைக்க முடியுதான்னு திருகிப் பாருங்க, ஏன்னா சாட்டின் தையல்னு சொல்ற அந்த நெருக்கமான பட்டைக்கு நீளம் அரை மில்லிமீட்டர் பக்கம் நிக்கணும், அந்த எடத்துல டயல் லூசா பொசுக்குன்னு தாண்டிப் போச்சுன்னா ஒன்னு நூல் ஒரே எடத்துல குமிஞ்சு கல்லாட்டம் நிக்கும் இல்லாட்டி எடைவெளி விட்டு பல்லிளிக்கும். மூணாவது, துணிய நகட்டுற பல்ல கீழ எறக்குற வசதி, கையால துணிய நகட்டி நம்ம இஷ்டத்துக்கு பூப்போட ஆசை இருந்தா இது வேணும், சில மாடல்ல எறக்குறதுக்கு பதிலா மேல ஒரு தகடு மூடி குடுப்பாய்ங்க, அதுவும் பரவால்ல.

டெமோ பத்தி ஒரு வார்த்த. டெமோ துணி எப்பவும் மொடமொடன்னு கெட்டியா இருக்கும், வெள்ளத் துணில செவப்பு நூலு, எந்த டிசைன போட்டாலும் அச்சடிச்ச மாதிரி விழும். அந்த துணிய நீங்க வீட்ல தைக்கப் போறதே இல்ல. வீட்லருந்தே ஒரு மெல்லிசு காட்டன் துண்டு, ஒரு கிரேப் துண்டு, ஒரு பழைய சுங்குடி கிழிசல் எல்லாம் பையில போட்டுட்டு போங்க. "தம்பி, இந்தா இதுல ஓட்டிக் காட்டு"ன்னு நீட்டுங்க. அப்ப சுருங்குதா இல்லையான்னு தெரியும். சுருங்கும், எந்த மெஷின்லயும் முதல்ல சுருங்கத்தான் செய்யும், ஆனா அப்ப அந்தாளு என்ன பண்றாருன்னு பாக்கணும், கீழ ஒரு பேப்பர வச்சு டென்ஷன, அதான் நூலோட இறுக்கத்த கொறைச்சு திரும்ப ஓட்டிக் காட்டுனா அவருக்கு சோலி தெரியும், நாளைக்கு சந்தேகம்னு போன் பண்ணாலும் பதில் சொல்லுவாரு. "அதெல்லாம் பழக பழக வந்துரும்க்கா"ன்னு சொன்னா அடுத்த கடை பாருங்க.

சரி ஏன் சுருங்குதுன்னா, உள்ள கேம்னு ஒரு அடுக்கு சக்கரம் இருக்கு, ஒவ்வொரு டிசைனுக்கும் ஓரத்துல மேடு பள்ளம் வெட்டின ஒரு தட்டு, டயல திருகுனா ஒரு விரல் மாதிரி கம்பி அந்த தட்டுல போய் உக்காரும், தட்டு சுத்த சுத்த மேடு வந்தா ஊசி ஒரு பக்கம் ஒதுங்கும் பள்ளம் வந்தா மறு பக்கம் ஒதுங்கும். அம்புட்டுத்தான் ரகசியம். ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் போறப்ப நூலு துணிய ரெண்டு பக்கமும் இழுக்குது, மெல்லிசு துணிக்கு அந்த இழுவைய தாங்க தெம்பு இல்ல, அதான் நடுல குகை மாதிரி மடிஞ்சுக்குது. டயல திருகுறப்ப ஊசி துணிக்கு மேல தான் இருக்கணும்னு எல்லா கையேட்லயும் போட்டிருக்கறதும் இதுனால தான், ஊசி துணிக்குள்ள இருக்கையில திருகுனா கம்பி அப்டியே ஊசிய இழுத்து வளைச்சுரும்.

இனி சுங்குடிக்கு வருவோம், மதுரைல ஒக்காந்துட்டு டிசைன் தையல் பேசிட்டு சுங்குடிய விட்டா எப்டி. 2005லயே புவிசார் குறியீடு வாங்குன சேலை, சௌராஷ்டிரா வீட்டு பொம்பளைக கையால முடிச்சு முடிச்சா கட்டி சாயத்துல முக்கி எடுத்தது, இப்ப மெழுகு அச்சுலயும் பிரிண்ட்லயும் வர்றது தான் கடைல அதிகம், அது வேற கதை. கை முடிச்சு சேலைல புள்ளி இருக்குற எடம் எல்லாம் லேசா புடைச்சுட்டு நிக்கும், ஓரம் அடிக்கிற பக்கம் மட்டுமாவது நல்லா அயர்ன் போட்டு படுக்க வச்சுட்டு தான் தைக்கணும், இல்லாட்டி துணிய அமுக்கிப் பிடிக்கிற மெஷின் கால் அந்த புடைப்புல ஏறி எறங்கி டிசைன் கோணிப் போகும்.

இந்த துணி சுருங்காம இருக்க அடில வைக்கிற கேன்வாஸ் துணி வாங்கவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. சோறு வடிச்ச கஞ்சிய மெல்லிசு துணில வடிகட்டி, தண்ணி கலந்து, டிசைன் ஓடப்போற ஓரத்துல மட்டும் தடவி, காய்ஞ்சும் காயாம இருக்கையில அயர்ன் போடுங்க. டெமோ துணி ஏன் மொடமொடன்னு இருந்துச்சுன்னு இப்ப புரியும். தைச்சு முடிச்சு ஒரு தடவ அலசுனா கஞ்சி போயிரும், துணி பழையபடி மெதுவா விழும். கஞ்சி போட முடியாத துணின்னா அடில பேப்பர் வச்சு தைக்கலாம், ஆனா நியூஸ் பேப்பர் வேண்டாம், அந்த மை வெளிர் நூல்ல ஏறி அழுக்காட்டம் தெரியும், பட்டர் பேப்பர் இல்லாட்டி ஒரு பக்கம் எழுதாத நோட்டு பேப்பர் போதும். தைச்சதும் தையல விரலால அமுக்கிப் பிடிச்சுட்டு பேப்பர பைய கிழிக்கணும், வெடுக்குன்னு இழுத்தா தையலும் சேந்து நெளியும். பேப்பர் தைச்ச ஊசி சீக்கிரம் மழுங்கும்ங்கிறதயும் மனசுல வச்சுக்கங்க.

ஊசின்னதும் ஞாபகம் வருது. இந்த மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்குற ஊசி, எச்ஏ ஒன்னுன்னு கேட்டா கடைல தருவாக, பவர் மெஷினுக்கு வர்ற உருண்டை தண்டு ஊசி இதுக்கு சேராது. சுங்குடி, மல் காட்டனுக்கு 11 நம்பர், நடுத்தர துணிக்கு 14. ஒரே 16 நம்பர் ஊசிய மாட்டிட்டு வருசக்கணக்கா ஓட்டுற வீடு நம்மூர்ல ஏராளம், நேர் தையல்ல அது பெருசா தெரியாது, சாட்டின் தையல்ல ஒரே எடத்துல நெருக்கமா குத்துறதால சல்லடையா ஓட்ட போட்டு துணியவே அந்த கோட்டுல கிழிய வச்சுரும்.

மேல் நூல் டென்ஷன் நேர் தையலுக்கு 4ல நிக்குதுன்னா டிசைனுக்கு 2, 3னு எறக்குங்க. மேல் நூல் லேசா அடிப்பக்கம் எறங்கி தெரியணும், அடி நூல் ஒரு பொட்டு கூட மேல தெரியக் கூடாது, திருப்பிப் பாத்தா ரெண்டு ஓரத்துலயும் மேல் நூலோட கலர் கோடா தெரிஞ்சா சரியா செட் ஆயிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் கால். பெட்டிக்குள்ளயே வெளிப்படையா கண்ணாடி மாதிரி ஒரு கால் இருக்கும், சில கம்பெனில அதுல எஃப்னு எழுத்து போட்டிருக்கும், திருப்பிப் பாருங்க, அடில ஒரு அகலமான பள்ளம் ஓடும். சாட்டின் தையல் மேடா வரும்ல, அந்த மேடு பின்னாடி போறதுக்கு வழி அது. சாதா கால்ல தைச்சா மேடு இடிச்சு துணி நகராம அங்கயே நின்னு நூல் சிக்கும், ஒடனே மெஷின் ரிப்பேருன்னு மெக்கானிக்க கூப்புடுவாக. கால மாத்துனா போதும்.

இப்ப அந்த நாலு தையலுக்கு வர்றேன்.

என் ஓட்டு மொதல்ல இறகு தையலுக்கு, ஃபெதர்னு சொல்றது. நடுல ஒரு கோடு ஓடி ரெண்டு பக்கமும் சாஞ்சு சாஞ்சு கிளை விடும். சுங்குடி முந்தாணி ஓரத்துல, பார்டருக்கும் உடலுக்கும் நடுவுல அதே பார்டர் கலர்ல ஓட்டுனா கைத்தையல்னே நெனைப்பாக. பழைய சுங்குடிய மடிச்சு புள்ளைக்கு போர்வை தைக்கிறப்ப ரெண்டு துண்டு சேர்ற எடத்துல இத ஓட்டுனா இணைப்பும் ஆச்சு அழகும் ஆச்சு. இந்த தையலுக்கு நீள டயல எஸ்எஸ்னு போட்ட எடத்துக்கு கொண்டு போகணும், அங்க வச்சா தான் பல்லு துணிய முன்னயும் பின்னயும் நகட்டும். முன்னாடி போற அளவும் பின்னாடி வர்ற அளவும் ஒன்னா இல்லாட்டி இறகு ஒரே நெருக்கமாவோ பிஞ்சு போன மாதிரியோ விழும், அதுக்கு அதே எஸ்எஸ் எடத்துல டயல கூட்டல் பக்கம் கழித்தல் பக்கம்னு ஒரு மயிரிழை திருகி சரி பண்ணலாம். இந்த விசயத்த டெமோல ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல, நெறைய பேரு "என் மெஷின்ல இந்த டிசைன் வராது"ன்னு அப்டியே விட்டுர்றாக.

அடுத்து ஸ்காலப், அரை வட்டம் அரை வட்டமா வர்றது. துப்பட்டா ஓரத்துக்கு இத விட லட்சணமா ஒன்னு இல்ல. துணி ஓரத்துலருந்து ஒரு விரக்கடை உள்ள தள்ளி சாட்டின் ஸ்காலப் ஓட்டிட்டு, வெளிப்பக்கம் மிஞ்சின துணிய சின்ன கத்தரிக்கோலால தையல ஒட்டி வெட்டி எடுத்தா ஓரமே அலை அலையா நிக்கும். சூதானமா வெட்டணும், நூல தொட்டுட்டா அந்த வட்டம் முழுசும் பிரியும். மூலை திரும்புறது தான் இதுல தலவலி. கம்ப்யூட்டர் மெஷின்ல டிசைன் முடியிற எடத்துல தானே நிக்க பட்டன் வச்சிருப்பாக, நம்ம டயல் மெஷினுக்கு அது கெடையாது, வட்டம் பாதில இருக்கையில மூலை வந்துரும். அதனால மொதல்ல ஒரு துண்டு துணில ஓட்டி ஒரு வட்டம் எம்புட்டு நீளம்னு அளந்து, துப்பட்டா ஒரு பக்கத்துக்கு முழு வட்டமா எத்தன வரும்னு கணக்கு போட்டு, மிச்சம் விழுந்தா நீள டயல கொஞ்சம் கூட்டி கொறைச்சு சரிக்கட்டிட்டு தான் நல்ல துணில கை வைக்கணும். பொறுமை இல்லாதவுக மூலைய ரவுண்டா வெட்டிட்டா திரும்புற தொல்லையே பாதி இல்ல.

மூணாவது, சங்கு மடிப்பு. இதுக்கு தனி டிசைனே வேண்டாம், பேண்ட் அடி மடிக்க குடுத்திருக்குற பிளைண்ட் ஹெம் தையல்லயே பண்ணலாம். மெல்லிசு துணிய மடிச்சு, மடிப்பு ஓரத்துல ஓட்டணும், நாலஞ்சு நேர் குத்து போயிட்டு ஊசி ஒரு தாவு தாவும்ல, அந்த தாவு மடிப்ப தாண்டி வெளில காத்துல விழணும். இதுக்கு மட்டும் டென்ஷன ஏத்தணும், அப்ப நூல் மடிப்ப சுருட்டி இழுத்து குட்டி குட்டி சோழி வரிசை மாதிரி ஆக்கிரும். பாப்பா கவுன் கழுத்துக்கு, பாவாடை அடிக்கு அம்சமா இருக்கும். வாயில் (voile) துணி, கிரேப், மல் இதுல தான் வரும். ஜீன்ஸ் கெட்டிக்கு முயற்சி பண்ணாதீங்க, நூல் தான் அறும்.

நாலாவது பாப்பா கவுன்ல மார்பு சுருக்கம், ஸ்மாக்கிங். நீளமான நேர் தையலா ஒரு சென்டிமீட்டர் இடைவெளில வரிசை வரிசையா ஓட்டி, டென்ஷன கொறைச்சு வச்சு ஓட்டணும், அப்ப தான் அடி நூல இழுத்தா சுருக்கம் சீரா விழும், அந்த சுருக்கத்துக்கு அடில ஒரு மெல்லிசு துணி வச்சு, வரிசைகளுக்கு நடுல தேன்கூடு டிசைனோ இறகோ ஓட்டிட்டு மொதல்ல போட்ட நேர் தையல உருவிறணும். கையால ஸ்மாக்கிங் பண்றதுக்கு ஆகுற நேரத்துல கால்வாசி கூட ஆகாது. ஆனா கையால போட்டது மாதிரி இழுவை குடுக்காது, அதனால அளவு தாராளமா வெட்டுங்க, புள்ளைக மூச்சு விடணும்ல.

மிச்ச டிசைன்க? சாட்டின்ல வர்ற டைமண்ட், உருண்டை, முக்கோணம் எல்லாம் தனியா பாத்தா நல்லாத்தான் இருக்கு, சேலைல ஓட்டுனா ஸ்கூல் யூனிஃபார்ம் பேட்ஜ் மாதிரி தெரியுது எனக்கு. ஏணி மாதிரி ஒன்னு, பெட்டி பெட்டியா ஒன்னு, அதுகள நான் தொடுறதே இல்ல. சாதா ஜிக்ஜாக்க இந்த கணக்குல சேக்கல, அது சோத்துல உப்பு, சேலை ஓரம் அடிக்கவும் துண்டுப்பூ வெட்டி ஒட்டி தைக்கவும் அது தான் எல்லாத்துக்கும் அடிப்படை.

ஜரிகை நூல் பத்தி நெறைய பேரு கேக்குறாக. விளக்குத்தூண் பக்கம் போனா கலர் கலரா எம்ப்ராய்டரி நூல்கண்டும் ஜரிகை நூலும் கொட்டிக் கெடக்கு, அந்த நூல்கண்ட பாத்துட்டு அப்டியே ஊசில கோத்து ஓட்டுனா ஒரு சாண் ஓடுறதுக்குள்ள பிரிஞ்சு சுருண்டு அறுந்து போகும். ஜரிகைங்கிறது நூல் மேல மெல்லிசா தகடு சுத்துனது, ஊசி காதுக்குள்ள ஒரே எடம் திரும்ப திரும்ப உரசி மேல் தகடு உரிஞ்சுருது. அகலமான காது வச்ச ஊசி போட்டு, டென்ஷன கொறைச்சு, பைய ஓட்டுனா ஒரு மாதிரி சமாளிக்கலாம். அத விட நல்ல வழி, ஜரிகைய கையால பாபின்ல, அதான் அடி நூல் சுத்துற குட்டி உருளைல சுத்திக்கங்க, மேல சாதா பாலியஸ்டர் நூல போட்டு துணிய தலகீழா, அதாவது நல்ல பக்கம் அடில இருக்குற மாதிரி வச்சு ஓட்டுங்க. டிசைன் அடிப்பக்கம் ஜரிகைல விழும். பாபின் உக்கார்ற கூடு, அந்த பாபின் கேஸ்ல இருக்குற குட்டி ஸ்க்ரூவ கொஞ்சம் லூசு பண்ணணும், அதுக்குன்னு தனியா ஒரு பாபின் கேஸ் வாங்கி வச்சுக்கிறது உத்தமம், இருக்குறதையே திருகுனா அப்புறம் சாதா தையல் அளவுக்கு திரும்ப கொண்டு வர்றது பெரும்பாடு. இறகு தையல் தங்கக் கலர்ல இப்டி விழுந்தா, ஐயோ, அவ்ளோ அழகு. ரேயான் நூலுக்கு பளபளப்பு ஜாஸ்தி, ஆனா வெயில்லயும் ப்ளீச்சிங் பவுடர்லயும் சீக்கிரம் வெளுக்கும், அடிக்கடி தொவைக்கிற துணின்னா பாலியஸ்டர் எம்ப்ராய்டரி நூல், 40 நம்பர் வாங்குங்க.

வெல்வெட்டுல ஓட்டலாமான்னா, நம்மூர்ல இது சித்திரை மாசம் வந்தா தவறாம வர்ற கேள்வி. சித்திரைத் திருவிழால கள்ளழகருக்கு தண்ணி பீய்ச்சுறவுக போடுற உடுப்பு, தலப்பா எல்லாம் வெல்வெட்டும் ஜரிகையுமா தைக்கிறது முன்ன மீனாட்சி கோயில் பக்கத்து புது மண்டபத்து தையக்காரர்க தான். திருமலை நாயக்கர் கட்டுன மண்டபத்துல தூணுக்கு தூணு மெஷின போட்டு ஒக்காந்திருப்பாக, இப்ப அந்த கடைக எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியாச்சு. அங்க நின்னு பாத்தீங்கன்னா தெரியும், கருப்பு மெஷின்ல நேர் தையல் தான், பளபளப்பு பூராவும் மேல வச்சு தைக்கிற லேஸ்லயும் ஜரிகை பட்டைலயும் இருக்கு. அது தான் சரியும் கூட. வெல்வெட்டுல மயிர் நிக்கிறதால டிசைன் தையல் அதுக்குள்ள முங்கிப் போகும், தைச்சதே தெரியாது. ஓட்டியே ஆகணும்னா துணி மேல மெல்லிசு பிளாஸ்டிக் கவர ஒன்ன விரிச்சு அது மேல தைச்சுட்டு கிழிச்சுருங்க, நூலு மேலயே நிக்கும். இருந்தாலும் லேஸ் வாங்குறது மேல்.

அடுத்து ஆரி. "யக்கா, இந்த மெஷின் வாங்குனா ஆரி பிளவுஸ் போட்டுரலாமா?" முடியாது. ஆரி கொக்கி ஊசில, கட்டைல துணிய இழுத்துக் கட்டி, சங்கிலித் தையலா கையால போடுறது, மணி ஜமிக்கி எல்லாம் கோத்துக்கிட்டே போகலாம். இது ரெண்டு நூல் பின்னுற மெஷின், 5 மில்லிமீட்டர் பட்டைக்குள்ள ஓடுற டிசைன். ரெண்டும் வேற வேற சாதி. முகூர்த்த பிளவுஸுக்கு ஆரி, வாரத்துல ரெண்டு நாள் கட்டுற காட்டன் சேலை பிளவுஸுக்கு கழுத்து ஓரம் ஒரு இறகு தையல். கூலியும் அதுக்கு தக்கன தான் கேக்க முடியும். ஆரி போடுறவுக கேக்குற காச இதுக்கு எதிர்பாத்து, மெஷின் கடன் அதுலயே அடைஞ்சுரும்னு கணக்கு போட்டு வாங்காதீங்க.

கம்ப்யூட்டர் மெஷின் எடுக்கலாமாங்கிறவுகளுக்கு: 7 மில்லிமீட்டர் அகலம், டிசைன் முடிவுல நிக்கிறது, ஊசி கீழ நிக்கிறது, எழுத்து தைக்கிறதுன்னு வசதி நெசமாவே இருக்கு, ஸ்காலப்புக்கு மட்டும் எனக்கே ஆசை வரும். ஆனா வெலை ரெண்டு பங்குக்கு மேல போகுது, போர்டு போச்சுன்னா பக்கத்து தெரு மெக்கானிக்கால ஒன்னும் பண்ண முடியாது. டயல் மெஷினையே எல்லா மெக்கானிக்கும் பாக்க மாட்டாக, கருப்பு மெஷின கண்ண கட்டிட்டு பிரிக்கிறவரு கூட ஊசி பக்கவாட்டுல ஆடுற மெஷின்ல டைமிங்க, அதாவது ஊசியும் அடி கொக்கியும் சரியா சந்திக்கிற கணக்க தொட யோசிப்பாரு. வாங்குற கடைலயே ஜிக்ஜாக் டைமிங் பாக்க ஆள் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. இன்னொன்னு, கரண்ட் போச்சுன்னா ரெண்டுமே நின்னுரும், பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்துற நாள்ல காலைலருந்து எனக்கு கருப்பு மெஷின் தான் கதி, அவசர ஆர்டர்னா அந்த நாள பாத்து வச்சுக்கங்க.

சத்தம் கருப்பு மெஷின விட கம்மி, ராத்திரி தைக்கலாம், வெளக்கும் நல்லா இருக்கு. ஆனா எடை கம்மிங்கிறதால வேகமா ஓட்டுனா மேஜைல நடக்கும், அடில ஒரு ரப்பர் பாய் போடணும். சாட்டின்ல வேகம் வேண்டவே வேண்டாம், ஒரே சீரா மிதிச்சா தான் பட்டை சீரா விழும், துணிய பின்னாடிலருந்து இழுக்காதீங்க, வழிகாட்டுற மாதிரி தொட்டா போதும்.

காட்டன் தைச்சா பஞ்சு ஏகத்துக்கும் சேரும், அதும் சுங்குடி மாதிரி புதுத் துணின்னா ஊசிக்கு கீழ இருக்குற தகட்டுக்கு அடில பல்லு நடுவுல மெத்தையே போட்டிருக்கும். டிசைன் கோணுனா டென்ஷன திருகுறதுக்கு முன்னாடி தகட்ட கழட்டி பிரஷ் போடுங்க. முன்பக்கம் இரும்பு பாபின் கேஸ் போடுற மாடலுக்கு கொக்கி சுத்துற எடத்துல ஒத்த சொட்டு மெஷின் ஆயில் விடணும், தேங்கா எண்ணெய் இல்ல, மேலருந்து பாபின போடுற பிளாஸ்டிக் கேஸ் மாடல்னா அங்க ஆயில் விடவே கூடாதும்பாக, கையேட்ட பாத்துக்கங்க.

வாங்குறப்ப பெட்டில எஃப் கால், காஜா கால், ஜிப் கால் மூணும் இருக்கான்னு அங்கயே பிரிச்சு பாத்துருங்க. ரெட்டை ஊசி தனியா வாங்கணும், 2 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளத வாங்கி ரெண்டு கலர் நூல் போட்டு இறகு ஓட்டிப் பாருங்க, ஆனா அகல டயல நல்லா கொறைச்சு வச்சுட்டு மொதல்ல சக்கரத்த கையால சுத்தி ஊசி தகட்டுல இடிக்காம போகுதான்னு பாத்துட்டு தான் பெடல மிதிக்கணும், அகலத்த கொறைக்க முடியாத மாடல்னா ரெட்டை ஊசி ஆசைய நேர் தையலோட நிறுத்திக்கங்க. பாபின் மட்டும் எல்லாம் ஒன்னு போல தெரியும், உயரம் மாறும், உயரம் மாறுனா அடி நூல் டென்ஷன் தாறுமாறா போகும். மெஷினோட வந்த பாபின்ல ஒன்ன பர்ஸ்லயே போட்டு வச்சுக்கங்க, கடைல பக்கத்துல நிறுத்தி பாத்து வாங்கலாம்.